"கலாச்சாரத் தடை" எண்டு தலைப்புத் தந்தா என்ன செய்யிற?

தங்கச்சி, உங்கட கேள்விய முழுசா வாசிச்சன். செப்டம்பர்ல டொரொண்டோவுக்கு வந்து பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ் தொடங்கியிருக்கீங்க, சொந்த இடம் கல்முனைப் பக்கம், சுப்பவைசர் "ஸ்காபரோ தமிழ்ப் பொம்புளைகள் ஏன் கான்சர் ஸ்கிரீனிங்குக்கு வாறாங்க இல்ல, அதுக்குரிய கலாச்சாரத் தடைகள்" எண்டு ஒரு தலைப்பு நீட்டியிருக்கார், அத எடுக்கவா விடவா, மறுகா பிஎச்டி, புரொபெசர் எண்டு இதே லைன்ல போனா வாழ ஏலுமா, இல்லாட்டி அம்மா சொல்ற மாதிரி ஊருக்கு வந்து கெம்பஸ்ல லெக்சரரா இரிக்கிறதா, இதுதானே கேள்வி. நான் இந்த வேலையிலயே கன காலமா இரிக்கிறன், இப்ப லீவுக்கு ஊருக்கு வந்து மட்டக்களப்புக் கல்லடியில நிக்கிறன், நேரம் கிடைச்சிருக்கு, அதால நீளமா எழுதப் போறன் கோவிக்காதீங்க.

முதல்ல தலைப்பு. அத அப்படியே எடுக்காதீங்க, அதுக்காக சுப்பவைசரோட சண்டையும் பிடிக்காதீங்க. அந்தத் தலைப்புக்குள்ள பதில் முதலே எழுதிக் கிடக்கு, பாருங்க: தடை எங்கட ஆக்களுக்குள்ளதான் இரிக்கு எண்டு. முந்தாநாள் பக்கத்து வீட்டுக் கேட்டடியில மிட்வைஃப் மிஸ் நிண்டு "முப்பத்தஞ்சு ஆயிட்டுதானே, கிளினிக்குக்கு வாங்க" எண்டு அந்த வீட்டுப் பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போனா. 1996ல இருந்து இலங்கையில வெல் வுமன் கிளினிக் எண்டு பொம்புளைகளுக்குக் கான்சர் பரிசோதனையும் செய்யிற கிளினிக் நடக்குது, எம்ஓஎச் எண்ட பிரதேச சுகாதார ஒஃபிசில, ஒரு சதம் இல்லாம. எல்லாரும் போறாங்க எண்டு நான் சொல்லல்ல, கூச்சம் இங்கயும் இரிக்கு, மாமிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா எண்டு யோசிக்கிறவங்களும் இரிக்காங்க. ஆனா ஆள் தேடி வீட்ட வருது, பொம்புளை ஆள், அதே பாஷை, நடந்து போற தூரம்.

இப்ப இதே பிள்ளை ஸ்காபரோவில இரிக்கா எண்டு வைங்க. ஏஜென்சி மூலமா பெக்டரியில வேலை, இரவு ஷிஃப்ட், காலையில வந்து பிள்ளைகள ஸ்கூலுக்கு விட்டுட்டுத்தான் படுக்கிறா. ஸ்கிரீனிங் கடிதம் வீட்டுக்கு வரும், இங்கிலிஷ்லயோ பிரெஞ்சுலயோ. ஃபெமிலி டொக்டர் ஆம்புளை, பொம்புளை டொக்டர் வேணுமெண்டா வேற கிளினிக், ரெண்டு பஸ். மொழிபெயர்க்க அங்க ஆள் இல்ல, மூத்த மகனக் கூட்டிப் போகணும், எந்தத் தாய் இந்த விசயத்துக்கு மகனக் கூட்டிப் போவா சொல்லுங்க. லீவு எடுத்தா அந்த நாள் காசு போச்சு. டொரொண்டோ இரிக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில 2018ல சட்டம் கொண்டுவந்து ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு குடுத்தாங்க, அரசாங்கம் மாறினதும் 2019 ஜனவரியில அதத் தூக்கிட்டு மூண்டு நாள் சம்பளமில்லாத சிக் லீவ் எண்டு ஆக்கிட்டாங்க. இத எல்லாம் விட்டுப்போட்டு "தெற்காசியப் பொம்புளைகளின்ட வெட்கம்" எண்டு எழுதினா கட்டுரை பிரசுரமாகும், சந்தேகமே இல்ல, வாசிக்கிற அதிகாரிக்கும் நிம்மதி, ஏனெண்டா அவர் மாத்த வேண்டியது ஒண்டும் இல்ல, தமிழ்ல ஒரு துண்டுப்பிரசுரம் அடிச்சா முடிஞ்சுது.

அதால சுப்பவைசர்ட்ட இப்படிக் கேளுங்க: "சேர், நான் இதையே செய்யிறன், ஆனா நேர்காணல்ல வேலை நேரம், லீவு, பஸ், டொக்டர் ஆணா பொண்ணா, மொழிபெயர்ப்பு இதையும் சேர்த்துக் கேக்கலாமா?" எண்டு. நல்ல ஆளெண்டா சந்தோசப்படுவார். மறுத்தா அவரப் பத்தி உங்களுக்கு ஒரு விசயம் தெரிஞ்ச மாதிரி, பிஎச்டிக்கு வேற ஆளப் பாருங்க.

விதிகளின்ட வரலாறு படிச்சு வைங்க, இந்த லைன்ல அதுதான் முதல். உங்களையே எடுங்க. நீங்க இன்டர்நெஷனல் ஸ்டூடன்ட், உங்களுக்கு ஓஹிப் எண்ட மாகாண அரசாங்கக் காப்புறுதிக் கார்ட் இல்ல, யூஹிப் எண்டு மாணவர் காப்புறுதிக்குக் கெம்பஸ் காசு வெட்டுதுதானே, அது ஏன் எண்டு யோசிச்சீங்களா? 1994க்கு முதல் ஒன்டாரியோவில வெளிநாட்டு மாணவருக்கும் அரசாங்கக் காப்புறுதி இருந்திச்சு, காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக அந்த வருசம் வெட்டினாங்க. அதே வருசம்தான் புதுசா பிஆரில, அதாவது நிரந்தர வதிவிட உரிமையோட, வாற ஆக்களுக்கு மூண்டு மாதம் காத்திருக்கணும் எண்டும் போட்டாங்க. கர்ப்பிணியா வந்திறங்கின எத்தினை பேர் அந்த மூண்டு மாதத்துக்குள்ள பிரசவத்துக்குக் கைக்காசு கட்டினாங்க. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில அந்த மூண்டு மாதத்த எடுத்துட்டாங்க. கார்டே இல்லாத ஆக்களுக்கும் அந்த நேரம் ஹொஸ்பிட்டல் செலவ மாகாணம் கட்டிச்சு, 2023 மார்ச் 31ஓட அத நிப்பாட்டிட்டாங்க. ஏலாது ஏலாது எண்டு இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல சொன்னது கொஞ்ச நாளுக்குள்ள ஏலும் எண்டு ஆச்சு, ஒரு பகுதி திரும்பியும் ஏலாது எண்டு ஆச்சு. இதப் பாத்தவனுக்குத்தான் பொலிசி எண்டா என்ன எண்டு விளங்கும்.

அகதிகளின்ட கதை இன்னும் மோசம். அவங்களுக்கு ஃபெடரல் அரசாங்கத்தின்ட தனி மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒண்டு இரிக்கு, ஐஎஃப்எச்பி எண்டு சொல்லுவாங்க. 2010 ஆகஸ்ட்ல சன் சீ கப்பல்ல எங்கட ஆக்கள் 492 பேர் வந்திறங்கினதுக்குப் பிறகு அங்க அகதிகளப் பத்தின கதை மாறிப்போச்சு, சட்டங்கள் இறுகிச்சு, 2012ல இந்தத் திட்டத்தையும் வெட்டினாங்க. கன பேருக்கு மருந்துக் காசு நிண்டுது, கேஸ் நிராகரிக்கப்பட்ட ஆக்களுக்கு மத்தவங்களுக்குப் பரவுற நோய் தவிர ஒண்டுக்கும் இல்ல. டொக்டர்மார் வெள்ளைக் கோட்டோட ரோட்டுக்கு இறங்கினாங்க, கோர்ட்டுக்கும் போனாங்க, 2014 ஜூலையில ஃபெடரல் கோர்ட் இது கொடூரமான நடத்தை, அரசியலமைப்புக்கு எதிர் எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு, 2016 ஏப்ரல்லதான் முழுசாத் திரும்பி வந்திச்சு. இதில நீங்க கவனிக்க வேண்டியது, வெட்டினதால மட்டும் ஆக்கள் கஷ்டப்படல்ல. யாருக்கு எது இரிக்கு எண்டு கிளினிக்ல இருந்தவங்களுக்கே விளங்கல்ல, அதால உரிமை இருந்தவங்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினாங்க. கடதாசியில இரிக்கிற உரிமைக்கும் கவுன்டர்ல கிடைக்கிற உரிமைக்கும் நடுவுல இரிக்கிற அந்த இடத்திலதான் எங்கட முழு வேலையும்.

நம்பர் படிங்க. நேர்காணல் மட்டும் செய்தா "நல்ல கதை" எண்டு சொல்லி மேசையில வைச்சிருவாங்க. ஒன்டாரியோவில ஐசெஸ் எண்டு ஒரு சுகாதாரத் தரவு ஆராய்ச்சி நிறுவனம் இரிக்கு, அங்க 1985ல இருந்து வந்த பிஆர் ஆக்களின்ட குடிவரவுப் பதிவையும் ஹெல்த் கார்ட் பதிவையும் பேர் எடுத்துட்டு இணைச்சு வைச்சிருக்காங்க, உலகத்திலயே அப்படிப்பட்ட தரவு கிடைக்கிற இடங்கள் குறைவு. ஆனா அதிலயும் ஓட்டை. பிறந்த நாட்ட மட்டும் வைச்சு எண்ணினா இலங்கை எண்டுதான் வரும், மட்டக்களப்புத் தமிழ் ஆளும் அக்கரைப்பற்று முஸ்லிம் ஆளும் காலிச் சிங்கள ஆளும் ஒரே கட்டத்துக்குள்ள. பாரிஸ்ல பிறந்து டொரொண்டோவுக்கு வந்த எங்கட பிள்ளை பிரான்ஸ் கணக்கில போயிரும். உங்களப் போல மாணவர், விசா முடிஞ்ச ஆக்கள், கேஸ் தோத்த ஆக்கள் அதில இல்லவே இல்ல, வலைக் கண்ணுக்குள்ளால போன மீனை எண்ணாம இண்டைக்கு மீன்பாடு இல்ல எண்டு சொல்ற மாதிரித்தான் சில கட்டுரைகளின்ட முடிவு. இத யோசிக்கிறதுக்கு வெள்ளைக்காரப் பிள்ளையள விட உங்களால ஏலும், ஆனா பயோஸ்டாட்ஸ், அதாவது சுகாதாரப் புள்ளிவிவரக் கணக்கு, தெரிஞ்சாத்தான் அத அவங்கட மொழியில சொல்ல ஏலும்.

இன்னொண்டு, இது முக்கியம். கொஞ்ச நாள்ல உங்களத் தேடி ஆக்கள் வருவாங்க. "நீங்க தமிழ்தானே, எங்கட ஸ்டடிக்கு ஒரு இருபது பேரப் பிடிச்சுத் தாங்க, ஃபோர்மத் தமிழ்ல மாத்தித் தாங்க" எண்டு. எனக்கும் நடந்திச்சு, பெரிய டீம் ஒண்டு, கோவில் வாசல்லயும் சாறிக் கடையிலயும் நிண்டு ஆக்களச் சேர்த்தது நான், கட்டுரை வந்தப்ப கடைசியில நன்றி சொல்ற வரியில என்ட பேர். அதுக்குப் பிறகு தொடங்க முதலே ஈமெயில்ல கேட்டு எழுத்துல வாங்குற: சம்பளம் எவ்வளவு, ஓதர் லிஸ்ட்ல என்ட இடம் எது, கேள்விகள எழுதக்குள்ள நான் இரிப்பனா. இதக் கேக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க, அங்க இது சாதாரணம், எங்கட ஆக்கள்தான் மரியாதைக்கு வாய் மூடிட்டு இரிக்கிற.

இனி வாழ ஏலுமா எண்ட கேள்வி. உண்மையச் சொல்றன். பிஎச்டிக்கு டொரொண்டோவில கெம்பஸ் காசு தரும், டீஏ எண்ட உதவி ஆசிரியர் வேலையும் சேர்த்து, வீட்டு வாடகைக்குப் பிறகு மிஞ்சுறது பெருசா இல்ல, ஊருக்கு அனுப்புறதெண்டா இன்னும் இழுக்கும். ஃபெடரல் டொக்டரல் ஸ்கொலர்ஷிப் 2024ல இருந்து வருசத்துக்கு 40,000 டொலர், அது கிடைச்சா மூச்சு விடலாம், போட்டி பயங்கரம். முடிச்சாப் பிறகு போஸ்ட்டொக் எண்ட தற்காலிக ஆராய்ச்சி வேலை, ஒரு வருசக் கொன்ட்ராக்ட், இன்னொரு வருசக் கொன்ட்ராக்ட், நிரந்தரப் புரொபெசர் வேலை கொஞ்சப் பேருக்குத்தான். விளம்பரங்களின்ட அடியில பாருங்க, கனேடியருக்கும் பிஆர் ஆக்களுக்கும் முன்னுரிமை எண்டு இரிக்கும். அதால பிஆர் அலுவலப் படிப்போட படிப்பா முதலே பாருங்க, மாஸ்டர்ஸ் முடிச்சா மூண்டு வருச வேர்க் பெர்மிட் கிடைக்கிற, அந்த நேரத்துக்குள்ள ஒரு பப்ளிக் ஹெல்த் யுனிட்டிலயோ கொம்யூனிட்டி ஹெல்த் சென்டர்லயோ வேலை செய்தா நல்லம். கொம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல கார்ட் இல்லாத ஆக்களையும் பாப்பாங்க, அங்க ஆறு மாதம் ரிசெப்ஷன்ல இருந்து பாத்தாலே பிஎச்டிக்குக் கேள்வி தானா வரும். உடனே பிஎச்டிக்குள்ள பாயாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன்.

ஊருக்கு வாறதப் பத்தி. அம்மா சொல்றத லேசா நினைக்காதீங்க, ஆனா அம்மா சொல்ற காரணம் வேற, நான் சொல்ற காரணம் வேற. புலம்பெயர்ந்தோர் சுகாதாரம் எண்டா ஸ்காபரோ மட்டுமா? உங்கட அம்பாறை மாவட்டத்திலயும் இஞ்ச எங்கட பக்கமும் எத்தினை வீட்டுல தாய் சவூதியில, குவைத்துல. போக முதல் மெடிக்கல் செய்வாங்க, கர்ப்பமா, காச நோயா, எச்ஐவியா எண்டு, அது அந்தப் பொம்புளைக்கு மருந்து குடுக்கவா செய்யிற, அன்ஃபிட் எண்டா நிப்பாட்டத்தான். திரும்பி வந்தாப் பிறகு முதுகு நோ, சீனி வருத்தம், மனசு உடைஞ்சு வந்தவ, இவங்கள ஆர் கேக்கிற? 2013ல குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு கொண்டுவந்து ஐஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை உள்ள தாய் போக ஏலா எண்டாங்க, தகப்பன்மார்ட்ட அப்படி ஒண்டும் கேக்கல்ல, 2022ல டொலர் இல்லாமப் போனதும் அந்த வயச ரெண்டாக் குறைச்சாங்க. அதே 2013லதான் இலங்கை தேசிய புலம்பெயர்வு சுகாதாரக் கொள்கை எண்டும் ஒண்டு வெளியிட்டிச்சு, அப்படி ஒரு கொள்கை வைச்சிருக்கிற நாடுகள் கனக்க இல்ல. அந்தக் கொள்கை நிந்தவூர்லயோ வாழைச்சேனையிலயோ ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்துதா எண்டு பாக்கிறதுக்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ இருந்து ஒருத்தர் முழுசா இறங்கினா அது பெரிய வேலை. சம்பளத்தக் கனடாவோட ஒப்பிடாதீங்க, ஒப்பிட்டா வரவே மாட்டீங்க.

ஒண்டு மட்டும், இங்க வந்து செய்தா சும்மா ஃபோர்மோட போகாதீங்க. 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலயும் திருக்கோவில் பக்கமும் ஆக்கள் நிரப்பாத ஃபோர்ம் இல்ல, ஒவ்வொரு என்ஜிஓவும் வந்து எழுதிட்டுப் போச்சு. "போன தடவை எழுதினவங்க திரும்பி வரல்லயே புள்ள" எண்டு முகத்துக்கு நேர கேப்பாங்க, அதுக்குப் பதில் வைச்சிட்டுத்தான் போகணும்.

பிஎச்டியா வேலையா எண்டு இந்த வருசம் முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்ல. ஜனவரி டேர்ம்ல பயோஸ்டாட்ஸ் எடுங்க, கஷ்டம் எண்டு சொல்லி ட்ரொப் பண்ணிராதீங்க. ஆய்வுக்கு அனுமதி தாற எதிக்ஸ் போர்டுக்கு அனுப்ப முதல் உங்கட நேர்காணல் கேள்விகள எனக்கு அனுப்புங்க, தமிழ்ல அனுப்புங்க, இங்கிலிஷ்ல எழுதி மாத்தினது எண்டா எனக்குப் பாத்த உடனே தெரியும். நான் பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகுதான் டொரொண்டோவுக்குத் திரும்புவன், அதுக்கு முதல் அம்மா கல்முனையில இருந்து ஏதும் குடுத்து விடுறதெண்டா கேளுங்க, ரெண்டு கிலோ வரைக்கும் இடம் இரிக்கு, கருவாடு வேணாம்.