அண்ணாவைக் கதைக்க வைத்தது பிழையா?

வணக்கம் அக்கா,

நாங்கள் விசுவமடு. கடைசிப் போர் நடந்த 2009இல் அண்ணாவுக்கு 17 வயது. மாத்தளனில் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்து மச்சான் அண்ணாவின் மடியிலேயே செத்தான். அண்ணாவுக்குத் தோளிலும் தலையிலும் செல் பீஸ் (சிதறிய இரும்புத் துண்டு). சின்னண்ணாவை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணா கலியாணம் கட்டி ஒரு பிள்ளையும் இருக்கு. இரவில் நித்திரை இல்லை, கதவைப் பார்த்தபடிதான் படுப்பார். போன தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டார். பின்னேரத்தில் குடிக்கவும் தொடங்கிவிட்டார். ஊரில் எல்லாரும் "பழசை மறந்திடு" என்கிறார்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பாவோ "எல்லாத்தையும் கொட்டி அழச் சொல்லுங்கோ, சரியாயிடும்" என்றார். அதனால் ஒரு இரவு எல்லோரும் சுற்றியிருந்து கேட்டோம். சொல்லத் தொடங்கியவர் பாதியில் கத்திக்கொண்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது எங்களோடு கதைப்பதும் இல்லை.

கதைக்க வைத்தது பிழையா? இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இது மாறுமா? குளிசை போட்டால் காலம் முழுக்கப் போடவேண்டுமா? அம்மா சின்னண்ணாவுக்குத் திவசம் செய்ய விடுகிறா இல்லை. அவவுக்கும் இதே வருத்தம்தானா?

பெயர் வேண்டாம், விசுவமடு

அன்புள்ள தங்கச்சி,

மாறும். வருசங்கள் கடந்துவிட்டதால் கதவு பூட்டப்பட்டுவிடவில்லை. பத்து, இருபது வருசம் சுமந்தவர்களும் முறையான சிகிச்சையில் தேறியிருக்கிறார்கள். முதலில் இதை உங்கள் அண்ணிக்குச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அதிகம் களைத்திருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

சாதாரண நினைவு ஒன்று நாளோடும் இடத்தோடும் மனதில் பதியும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை நினைத்தால் அது முடிந்துபோனது என்பதும் கூடவே தெரியும். உயிர் போகும் என்ற பயத்தில் மூளை வேறுவிதமாக வேலை செய்கிறது. ஆபத்தை அறிவிக்கும் அமிக்டலா உச்சத்தில் இயங்க, எது முதல், எது பிறகு, எந்த இடம் என்று ஒழுங்குபடுத்தும் ஹிப்போகாம்பஸ் பின்தங்கிவிடும். சத்தமும் வெடிமருந்து மணமும் மடியில் இருந்த பாரமும் ஆழமாகப் பதிந்துவிடும். "இது 2009, இது முடிந்துவிட்டது" என்ற குறிப்பு மட்டும் சரியாகப் பதியாது. ஆகவே தீபாவளி வெடி கேட்டபோது உங்கள் அண்ணா மாத்தளனை நினைக்கவில்லை, உடம்போடு அங்கே போய்விட்டார். அப்போதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறார். ஊர் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், அது ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் காப்பாற்றிய செயல்.

காலம் ஏன் இதை ஆற்றவில்லை என்றால், அவர் அந்த நினைவின் பக்கம் போகாமல் வாழப் பழகிவிட்டார். சத்தத்தை, ஆட்களை, சில பாதைகளைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலையே "தப்பிவிட்டோம், ஆபத்து உண்மைதான்" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. "மறந்திடு" என்று சொல்கிறவர்கள் தெரியாமல் இதையே செய்யச் சொல்கிறார்கள். குடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. படுத்தவுடன் நித்திரை வரும். வெறி இறங்கும் பின்னிரவில் நித்திரை உடைந்து கனவுகள் கூடும்.

இனி அந்த இரவு. கதைப்பது கெட்டது என்பதால் அது அப்படி முடியவில்லை. இரவு நேரம், களைத்த உடம்பு, அநேகமாகக் குடித்தும் இருந்திருப்பார். சுற்றிவர ஆட்கள். கதை தொடங்கியதே மிக மோசமான நிமிடத்தில் இருந்து. அதைவிட முக்கியமானது, பயம் உச்சத்தில் நின்ற இடத்தில் கதை அறுந்துபோனது. பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்தில் நிறுத்தமாட்டார். கூடவே இருந்து அந்த நாள் முடியும்வரை சொல்லவைத்து, நெஞ்சுத் துடிப்பு இறங்கியதைப் பார்த்துத்தான் எழும்பவிடுவார். உங்கள் அண்ணா உள்ளே போனார், திரும்பக் கூட்டிவர ஒருவரும் இருக்கவில்லை. பேரழிவுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஆட்களை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை உலகின் பல இடங்களில் பரீட்சிக்கப்பட்டது. பலன் தெரியவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறது. சித்தப்பாவின் அன்பில் குறை இல்லை, சொன்ன வழிதான் பழையது.

உங்கள் பக்கத்தில் செய்யவேண்டியது சிறியது. அவர் தனியாக இருக்கும் ஒரு காலையில், "அண்டைக்கு உங்களைக் கஸ்ரப்படுத்திப்போட்டம் அண்ணா. இனி நீங்களா சொன்னா கேப்பம், நாங்களா கேக்கமாட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள். பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

முறையாகக் கதைப்பது எப்படி என்று தெரிந்திருப்பது நல்லது. போர் கண்ட நாடுகளில் அதிகம் பயன்படும் எடுத்துரைப்புச் சிகிச்சையில், முதல் அமர்வில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு முனை பிறப்பு. மற்ற முனையை முழுதாக விரிக்காமல் சுருட்டியே விடுவார்கள், இனி வரும் காலத்துக்காக. நல்லது நடந்த இடங்களில் பூ, கெட்டது நடந்த இடங்களில் கல். கல்லின் கதையை அன்றைக்குக் கேட்கமாட்டார்கள், பெயர் மட்டும். பல வருசங்களில் முதல்முறையாக, தன் வாழ்க்கையில் பூவும் இருந்தது என்று அந்த மனிதர் காண்பது பெரும்பாலும் அந்தத் தரையில்தான். பிறகு ஒவ்வொரு அமர்விலும் சின்ன வயதில் இருந்து ஒழுங்காக வருவார்கள். வீடு, பள்ளிக்கூடம், வற்றாப்பளைப் பொங்கல், பிறகு இடம்பெயர்வு. உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று போன வழியே போவார்கள். கல் வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். அன்று காலையில் எங்கே நின்றீர்கள், என்ன கேட்டது, என்ன மணம், என்ன நினைத்தீர்கள்? உடனே அடுத்த கேள்வி: இப்போது சொல்லும்போது நெஞ்சு எப்படி இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது? அப்போது, இப்போது என்று மாறிமாறிக் கேட்பதுதான் இந்த வைத்தியத்தின் உயிர். விடுபட்ட திகதியை நினைவில் எழுதிச் சேர்ப்பது அந்தக் கேள்விகள்தான். ஓர் அமர்வு சுமார் 90 நிமிடம். ஆற்றுப்படுத்துநர் எழுதிவைத்து, அடுத்த முறை வாசித்துக்காட்டித் திருத்துவார். வழக்கமாக 4 முதல் 12 அமர்வுகள். கடைசியில் எழுதிய முழுக் கதையும் சொன்னவர் கையிலேயே கொடுக்கப்படும்.

2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் போரும் சுனாமியும் கண்ட 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த முறையிலும் மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியுமாகவும் 6 அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கதைக்க விரும்பாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது என்பதை நம் மண்ணிலேயே காட்டியது என்பதால் எனக்கு அது பெரிது.

அந்தத் தளர்வுப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். மூச்சை மூக்கால் 4 எண்ணும்வரை எடுத்து 6 எண்ணும்வரை விடவேண்டும். நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். இரண்டு இடங்களில் இது பிழையாகப் போகலாம். பலமாக இழுத்து விட்டால் தலை சுற்றி விரல் விறைக்கும், அதையே பயம் என்று உடம்பு நினைத்துவிடும். மெதுவாக, கொஞ்சமாக எடுப்பதுதான் சரி. அடுத்தது, கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பங்கருக்குள் இருந்தவர்கள் பலருக்குக் கண்ணை மூடினால் அந்த இருட்டுத்தான் வரும். வேலியில் ஓர் இடத்தைப் பார்த்தபடி செய்யட்டும். பயம் வந்த பிறகு புதிதாகத் தொடங்கினால் பலிக்காது, நல்ல நேரத்திலேயே பழகவேண்டும்.

இரவில் கத்தி எழும்பினால் அண்ணி தொட்டு உலுக்கவேண்டாம், அடி விழலாம். லைற்றைப் போட்டு, கால்மாட்டில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள் விசுவமடுவில எங்கட வீட்டில இருக்கிறியள், நான் இஞ்ச நிக்கிறன்" என்று தாழ்ந்த குரலில் திரும்பத்திரும்பச் சொல்லட்டும். காலைச் சீமெந்துத் தரையில் ஊன்றவைத்து, கையில் ஈரத் துவாயைக் கொடுக்கலாம். கதவைப் பார்த்தபடி படுப்பதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அது இப்போதைக்கு அவருக்கு வேண்டும். அடுத்த தீபாவளிக்கு அயலவரிடம் வெடி கொளுத்தும் நேரத்தைக் கேட்டு முன்கூட்டியே சொல்லுங்கள். தெரிந்து வரும் சத்தம் தெரியாமல் வரும் சத்தத்தைவிட எவ்வளவோ குறைவாக உலுக்கும்.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகச் செய்யவேண்டியது அது.

குளிசை காலம் முழுக்க வேண்டியதில்லை. செர்ட்ரலின், புளூஒக்செற்றின் போன்றவை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். இரண்டாம் வாரத்தில் "ஒண்டும் நடக்கேல்லை" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. தேறிய பிறகும் பல மாதம் தொடர்ந்து, வைத்தியர் சொல்லும்போது மெல்லக் குறைப்பார்கள். டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

அம்மாவினது வேறு. அண்ணாவுக்கு நடந்தது முடிந்துவிட்டது, உடம்புக்குத்தான் அது தெரியவில்லை. அம்மாவுக்கு நடந்தது இன்னும் முடியவே இல்லை. உடலும் இல்லை, திகதியும் இல்லை, பதில் சொல்வாரும் இல்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராடியபடி இருந்த தாய்மாரைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். திவசம் செய் என்று வற்புறுத்துவது, பிள்ளையை நீயே கொன்றுவிடு என்று சொல்வது போல அவவுக்குக் கேட்கும். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழ முடிவதே அவவுக்கு ஆறுதல். அதை வைத்தியரைவிட அதே நிலையில் உள்ள இன்னொரு தாய் நன்றாகக் கொடுப்பார். சின்னண்ணாவின் பிறந்த நாளில் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்யக் கேட்டுப்பாருங்கள். அதில் சாவு இல்லை, மறுக்கமாட்டா. நித்திரையும் சாப்பாடும் குறைந்தால் மட்டும் கிளினிக்.

வன்னி மக்களின் நிலையை ஆராய்ந்து 2010இல் எழுதிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று சொன்னார். காயப்பட்டது தனித்தனி ஆட்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும்தான் என்று. அதனால்தான் மருந்தும் கதையும் மட்டும் போதாது என்கிறேன். அண்ணா செய்யக்கூடிய ஒரு வேலையை, கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவதாக இருந்தாலும், ஊர் அவரிடம் கேட்கவேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் உண்டு, காசு இல்லை. அவர் "எனக்குப் பைத்தியமா?" என்று கேட்பார். நித்திரைக்கும் தலையிடிக்கும் காட்டுவோம் என்று கூப்பிடுங்கள். பொய்யில்லை, அவையும் இதன் பகுதிதான். போகுமுன் ஒரு கொப்பியில் ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தரம் எழும்பினார், எந்தச் சத்தத்துக்கு, எவ்வளவு குடித்தார், என்ன குளிசை எடுக்கிறார். தலையில் பீஸ் இருப்பதை முதலிலேயே சொல்லவேண்டும். செல் அதிர்ச்சியில் மூளைக்கு வந்த காயமும் கோபம், மறதி, தலையிடி என்று இதே வேடத்தில் வரும். உள்ளே இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் ஆபத்து.

"இருந்து என்ன" என்ற மாதிரி ஏதாவது சொன்னால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தோட்டத்துப் பூச்சி மருந்தை அன்றே வேறு வீட்டில் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

அன்புடன்,
அக்கா