வாசகர் கேள்வி–பதில்: முகாமிலிருந்து ஊருக்கு வருபவர்கள்

கேள்வி: முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று திரும்பி வருகிறது. தாய், தகப்பன், அங்கே பிறந்த மூன்று பிள்ளைகள். வரவேற்புக் கூட்டம் வைக்கச் சனசமூக நிலையத்தில் காசு சேர்த்திருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
— சனசமூக நிலையச் செயலாளர், தெல்லிப்பழை

பதில்: கூட்டத்தை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். சேர்த்த காசு கடதாசி வேலைக்கும் பஸ் செலவுக்கும் தேவைப்படும்.

அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி அவர்களின் பிறப்பை இலங்கைக் குடியுரிமைக்கெனத் தனியாகப் பதிய வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் அதை முடித்துக்கொண்டு வந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். முடிக்காமல் வந்தால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அலைச்சல். அதுவரை அடையாள அட்டை எடுக்க முடியாது. அட்டை இல்லாத பிள்ளை வேலைக்கும் வங்கிக்கும் போய் வெறுங்கையோடுதான் திரும்பும்.

இழுபடுவது பெரும்பாலும் பெயரில்தான். தமிழ்நாட்டுக் கடதாசியில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து இனிசலாக நிற்கும். எங்கள் பதிவில் முழுப்பெயர். ஒன்றில் 'சிவகுமார்', மற்றதில் 'சிவக்குமார்'. அந்த ஒரு 'க்' போதும், கோப்பு திரும்பி வர. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்ட திருமணங்களும் உண்டு. அதை இப்போதே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தாய் தகப்பனின் பிறப்புப் பதிவுப் பிரதியை இங்கே பிரதேச செயலகத்தில் எடுத்து அனுப்பலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் உத்தேச ஆண்டுகளைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் முறையாகத் திரும்பிய ஒரு முதியவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் படகேறிப் போனதுதான் குற்றமாகச் சொல்லப்பட்டது. ஊர் முழுக்கக் கொதித்தது; கொதிக்க வேண்டிய விடயமும் தான். எனவே வந்து இறங்கும் நாளில் உறவினர் ஒருவர் பலாலியில் நிற்கட்டும். ஒரு சட்டத்தரணிக்கு முன்கூட்டியே சொல்லி, அவரது தொலைபேசி இலக்கத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து வையுங்கள்.

வந்த பிறகு கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் இல்லாமல் எதுவும் நகராது. இப்போதுள்ள அலுவலர் அவர்களைக் கண்டதே இல்லை. 1990இல் அவர்களோடு ஒரே ஒழுங்கையில் இருந்த இரண்டு முதியவர்களைக் கூடவே அனுப்புங்கள். முதல் மூன்று மாதமும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கூடப் போக ஒரே ஆளை நியமியுங்கள். ஆள் மாறினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டிவரும். வந்தவர்களுக்கு அதுதான் பெரிய களைப்பு.

கேள்வி: முகாமிலிருந்து திரும்பி வரும் குடும்பத்தின் வளவு பற்றை மண்டிக் கிடக்கிறது. கிணற்றை நாங்களே இறைத்துக் கொடுக்கலாமா?
— இளைஞர் கழகம், வலிகாமம் வடக்கு

பதில்: இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணியென்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்ட பிறகே கத்தியை எடுங்கள். சந்தேகமான பற்றைக்கு நெருப்பும் வைக்க வேண்டாம்.

கிணறு இறைக்கும்போது மண்ணெண்ணெய், பெற்றோல் மோட்டரை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். புகை உள்ளேயே தேங்கும். இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். மோட்டர் மேலேயே நிற்க, குழாய் மட்டும் உள்ளே போகட்டும். சேறும் குப்பையும் எடுத்து, ஊற்று மீண்டும் ஏறிய பிறகு குளோரின் போடுங்கள். 10 அடி விட்டமும் 6 அடி நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 13,000 லீற்றர் இருக்கும். 30 வீதக் குளோரின் தூள் என்றால் அதற்கு 900 கிராம் வேண்டும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கலக்கிச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் சுற்றிவர ஊற்றுங்கள். ஓர் இரவு விட்டு, மணம் போகும்வரை மறுபடி இறையுங்கள். திறந்து வைத்த பழைய தூளில் வீரியம் இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் புதிதாகக் கேளுங்கள்.

எங்கள் சுண்ணாம்புக்கல் நிலம் அழுக்கை வடிகட்டாது. மலக்குழியைக் கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளி வெட்டுங்கள். வீட்டில் போத்தல்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் நீரில் நைத்திரேற்று (உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கலக்கும் உப்பு; கைக்குழந்தைக்கு ஆகாது) எவ்வளவு என்று பரிசோதிக்க வேண்டும். குளோரினோ கொதிக்க வைப்பதோ அதை அகற்றாது.

கேள்வி: என் வகுப்புக்கு முகாமில் வளர்ந்த பிள்ளை ஒன்று வந்திருக்கிறது. வாயே திறப்பதில்லை.
— ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடசாலையில் மொழிப் பிரச்சினை இராது என்று நினைத்துவிடுகிறோம். நீங்கள் 'கொப்பி' என்றால் அது 'நோட்டு' என்று பழகியது. 'அழிறப்பர்', 'கதிரை' என்றால் அதற்கு விளங்காது; மற்றப் பிள்ளைகள் சிரிக்க, அது வாயை மூடிவிடும். முதல் வாரமே இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கமாக எழுதி, இரண்டும் தமிழ்தான் என்று வகுப்புக்குச் சொல்லுங்கள். சிங்களம் அது படித்தே இருக்காது. அதற்குத் தனி உதவி வேண்டும். அங்கே கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற குழப்பமும் வரும். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, வயதொத்த பிள்ளைகளோடு இருத்தப் பாருங்கள். உயரமான பிள்ளையைச் சின்ன வகுப்பில் இருத்தினால் இடைவிலகிவிடும்.

கேள்வி: திரும்பி வந்தவரின் வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். பூட்டை உடைக்கலாமா?
— வாசகர், கோப்பாய்

பதில்: வேண்டாம். பத்து வருடம் இடைவிடாமல் அங்கே இருந்ததைக் காட்டி அவர் உரிமை கோரக்கூடும். காணி உறுதியோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். இருப்பவரும் வேறெங்கோ இடம்பெயர்ந்து வந்தவராக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: 2022 டிசெம்பரில், மியன்மாரிலிருந்து தப்பிய முஸ்லிம் மக்களான ரோஹிங்யாக்கள் 104 பேரைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தார்கள். 2024இல் முள்ளிவாய்க்காலில் ஒரு படகு கரை தட்டியது. இன்னொன்று வந்தால் எங்கள் கரையோரத்தவர் என்ன செய்யலாம்?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: முள்ளிவாய்க்கால் சனம் அன்று உணவும் உடுப்பும் கொண்டு ஓடியது. அதே மனம் போதும், கொஞ்சம் முறை தெரிந்தால்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்காதீர்கள், உடல் தாங்காது. ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, மிடறு மிடறாகக் கொடுங்கள். பிறகு மெல்லிய கஞ்சி. பெண்களுக்கு மறைப்பான இடமும் காய்ந்த உடுப்பும் வேண்டும். பள்ளிவாசலுக்குச் சொல்லுங்கள், உருது தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஓரளவு பேசலாம்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கைச்சாத்திடவில்லை. வருபவர்கள் கடற்படை, பொலிஸ், நீதிமன்றம் என்ற வழியில்தான் போவார்கள். யாரையும் வீட்டில் ஒளித்து வைப்பது அவர்களுக்கும் உங்களுக்கும் ஆபத்து. அதைவிட, எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், யாருக்கு என்ன வருத்தம் என்று எண்ணி எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் உடனே அறிவியுங்கள். முகம் தெரியப் படமெடுத்து முகநூலில் போட வேண்டாம். அவர்களின் உறவினர் இன்னும் மியன்மாரில் இருக்கிறார்கள்.