மாங்கோ ஷெல் ஸ்கிரிப்ட்டில் சூழல் மாறியைப் படிப்பது எப்படி?

டெர்மினலில் ஒரு சூழல் மாறியை (நிரல்கள் படித்துக்கொள்வதற்காக அவற்றுக்கு வெளியே பெயரிட்டு வைக்கும் மதிப்பை) அமைத்துவிட்டு, மாங்கோடிபி தரவுத்தளத்தின் ஷெல்லில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து அதைப் படிக்க முயன்றால் ‘பிராசஸ் வரையறுக்கப்படவில்லை’ என்ற பிழை வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது பழைய மாங்கோ ஷெல்லா, புதிய மாங்கோஷா என்பதை முதலில் பாருங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குச் சூழல் மாறி என்றால் என்னவென்றே தெரியாது. அம்மொழியைத் தனக்குள் வைத்து இயக்கும் செயலி எதைத் திறந்து கொடுக்கிறதோ அதுவே ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைக்கும். பழைய ஷெல்லுக்குள் இருந்தது ஸ்பைடர்மங்கி எஞ்சின். அதில் சூழல் மாறிகளைத் தரும் பிராசஸ் என்ற ஆப்ஜெக்ட் இல்லை. 2022-இல் வந்த மாங்கோடிபி 6.0 பதிப்போடு அந்த ஷெல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த மாங்கோஷ், அந்த ஆப்ஜெக்ட்டைத் தரும் நோட் ஜேஎஸ் தளத்தின் மீது கட்டப்பட்டது என்பதால், பிராசஸ், புள்ளி, என்வ், புள்ளி, அதையடுத்து உங்கள் மாறியின் பெயர் என்று எழுதினாலே மதிப்பு கிடைத்துவிடும்.

பழைய ஷெல்லை விட முடியாதவர்கள், கட்டளை வரியில் எழுதும் நிரலை இயக்கும் ஈவல் ஆப்ஷன் வழியாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மாறியை அறிவித்து, அதே கட்டளையில் கோப்பின் பெயரையும் கொடுப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் கடவுச்சொல்லை இந்த வழியில் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டளை வரியில் எழுதியது, கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின், அதாவது புராசஸ்களின், பட்டியலில் அதே கணினியின் பிற பயனர்கள் கண்ணிலும் படக்கூடும். தவிர, மதிப்புக்குள் ஒரு மேற்கோள் குறி இருந்தால் ஸ்கிரிப்ட் உடையும், அல்லது அந்த மதிப்பே நிரலாக இயங்கிவிடும்.

மாங்கோஷுக்கு மாறிய பிறகும் இதே பிழை வந்தால், பெரும்பாலும் அந்த வரி, வினவலுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுத உதவும் டாலர் வேர் அல்லது டாலர் ஃபங்ஷன் போன்ற ஒன்றுக்குள் இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட்டின் மற்ற வரிகள் ஷெல்லுக்குள், அது திறந்திருக்கும் கணினியில் இயங்குகின்றன. இவை போன்றவற்றுக்குள் எழுதிய ஃபங்ஷனோ உரையாக சர்வருக்குப் போய், அங்குள்ள ஸ்பைடர்மங்கியில் இயங்குகிறது. அங்கே பிராசஸும் இல்லை, நீங்கள் வெளியே அறிவித்த மாறிகளும் இல்லை. எனவே சூழல் மாறியை வெளியிலேயே படித்து வைத்துக்கொண்டு, டாலர் ஃபங்ஷன் என்றால் அதற்கு உள்ளீடுகளைத் தரும் ஆர்க்ஸ் பட்டியலில் சேர்த்து அனுப்புங்கள். டாலர் வேரில் அப்படி அனுப்ப இடமில்லை. அந்த நிபந்தனையைச் சாதாரண வினவலாக மாற்றி எழுதுவதே நல்லது, வேகமும் கூடும்.

பிழை எதுவும் வராமல், மதிப்பு இல்லை எனப் பொருள்படும் ‘அன்டிஃபைன்ட்’ என்று மட்டும் வந்தால், கோளாறு ஷெல்லைத் தொடங்கிய விதத்தில் இருக்கிறது. ஒரு புராசஸ் தொடங்கும்போது தன்னைத் தொடங்கிய புராசஸிடமிருந்து சூழலின் நகல் ஒன்றைப் பெறுகிறது. அதன் பிறகு டெர்மினலில் செய்யும் மாற்றம் எதுவும் ஏற்கெனவே திறந்திருக்கும் மாங்கோஷை எட்டாது. டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் பேஷில் எக்ஸ்போர்ட் செய்யாத மாறி அந்த நகலில் சேராது. வேறு பயனராகக் கட்டளையை இயக்கும் சூடோ, வழக்கமான அமைப்பில் பெரும்பாலான மாறிகளைக் கழித்துவிடும். குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான், பேஷ் தொடங்கும்போது படிக்கும் உங்கள் பேஷ்ஆர்சி கோப்பைப் படிப்பதில்லை. டாக்கர் கண்டெய்னர் என்ற தனிப்படுத்திய சூழலுக்குள் மாங்கோஷ் இயங்கினால், வெளியே அமைத்த மாறியை டாக்கர் எக்ஸெக் கட்டளையில் ஈ ஆப்ஷனோடு வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

கிடைக்கும் மதிப்பு எப்போதும் உரைதான். நாள் வரம்பு 30 என்று அமைத்து, ஸ்கிரிப்ட்டில் அதோடு 1-ஐக் கூட்டினால் 31 வராது, 301 வரும். ஆனால் 1-ஐக் கழித்தால் சரியாக 29 வருவதால், இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே இருந்துவிடும். பழைய ஆவணங்களை நீக்கும் ஸ்கிரிப்ட்டில் இது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கோப்பின் தொடக்கத்திலேயே எல்லா மாறிகளையும் ஒருமுறை படித்து, எண்ணாக வேண்டியதை எண்ணாக்கி, ஒன்று இல்லையென்றாலும் எந்த ஆவணத்தையும் தொடும் முன்பே பிழை எறிந்து நிறுத்திவிடுங்கள்.