ஏழு வயதில் கடைவாய்ச் சொத்தை: பால்பல்தானே என்று விட்டுவிடலாமா?

ஏழு வயது மகளுக்குக் கடைவாயில் சொத்தை, விழப்போகிற பல்தானே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். முதலில் அது பால்பல்தானா என்று எண்ணிப் பாருங்கள். இதே எண்ணத்தில் இருந்துதான் என் மகனின் பல்லை நான் கெடுத்தேன்.

அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. முறுக்கை இடப்பக்கமாகவே கடித்தான். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் கீழே, கடைசிப் பல்லின் பள்ளத்தில் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கருங்கோடு. அதற்குள் பிஸ்கட் மாவு அப்பிக் கிடந்தது. ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகே மருத்துவரிடம் ஓடினோம். அவர் எண்ணிக் காட்டினார்: நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் பால்பல். ஆறாவது, ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். எந்தப் பல்லும் விழாமலே ஆறு வயதுவாக்கில் பின்னால் முளைத்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. வேர் முழுதாக வளராத வயது என்பதால் சிகிச்சையும் எளிதாக இல்லை.

பால்பல்லாகவே இருந்தாலும் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியவை. முன்னதாகப் பிடுங்கினால் பின்பல் முன்னே சாய்ந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் குறுகிவிடும்.

காரணம் என்று எல்லோரும் சாக்லேட்டைச் சொல்வார்கள். எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். வாயில் உள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்குகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் ஒரு தாக்குதல். என் மகனுக்கோ பள்ளி வேனில் போகும்போது கிரீம் பிஸ்கட், டியூஷனில் மிட்டாய், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு என்பதால் அந்தப் பால்தான் எல்லாவற்றிலும் மோசம். அதைக் கொடுத்தது நான்.

இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். புதிதாக முளைக்கும் ஆறாம் பல் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும். நேராகத் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைக்க வேண்டும். 1000 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையாத ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு. துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் இருந்தால் மட்டும் எந்தப் பேஸ்ட் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். சொத்தையை அடைக்கும்போதே, நன்றாக இருக்கிற மற்ற ஆறாம் பற்களின் பள்ளங்களைச் சீலண்ட் பூசி மூட முடியுமா என்று கேளுங்கள். ஊசி கிடையாது, வலியும் இல்லை. என் மகனுக்கு மீதி மூன்றுக்கும் பூசினார்கள். இப்போது அவனுக்குப் பதினோரு வயது. அந்த மூன்றிலும் சொத்தை இல்லை.