பிளக்-இன் ஹைபிரிட் கார் எனக்குச் சரிவருமா?

கேள்வி: தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் காரில் வேலைக்குச் சென்று வருகிறேன், அவ்வப்போது திருவனந்தபுரமும் செல்வதுண்டு. பிளக்-இன் ஹைபிரிட் கார் வாங்கலாமா?

பதில்: ஹைபிரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார். சாதாரண ஹைபிரிட் காரின் சிறிய பேட்டரி, பிரேக் பிடிக்கையில் மீளும் ஆற்றலாலும் எஞ்சினாலும் மட்டுமே சார்ஜ் ஆகும். பிளக்-இன் ஹைபிரிட்டின் பேட்டரியோ பல மடங்கு பெரியது. வீட்டு மின்சாரத்திலேயே சார்ஜ் செய்துகொண்டு, பெரும்பாலான மாடல்கள் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை பெட்ரோலின்றி ஓடி, அதன்பின் எஞ்சினின் துணையோடு பயணத்தைத் தொடரும். ஆகவே உங்கள் அன்றாடப் பயணம் ஏறக்குறைய முழுவதும் மின்சாரத்திலேயே முடியும். திருவனந்தபுரம் செல்கையில் சார்ஜிங் நிலையம் தேட வேண்டியதில்லை. ஆனால் சார்ஜ் செய்யச் சோம்பல்படுபவருக்கு (அப்படிப்பட்டவர் பலர்) இது வீண் செலவு. பாரமான பேட்டரியைப் பெட்ரோல் செலவில் சுமப்பதே மிச்சம். கார் நிறுத்துமிடத்தில் முறையாக எர்த் செய்த 16 ஆம்பியர் பிளக் இருந்தால், 12 யூனிட் பேட்டரி சுமார் ஐந்து மணி நேரத்தில் நிறையும். மழைக்காலத்தில் இரவு முழுவதும் மின்தடை என்றாலும், காலையில் பெட்ரோலில் கிளம்பிவிடலாம்.