மெரூன் கோமாளி மீனுக்குத் துணை வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் வீட்டில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது. தொட்டியிலேயே பிறந்த ‘லைட்னிங் மெரூன்’ கோமாளி மீன் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். 2 அங்குலம் இருக்கும். மூலையிலேயே கிடக்கிறது. துணைக்கு ஓர் ஆரஞ்சுக் கோமாளி மீனும், கோமாளி மீன்கள் கடலில் தங்கி வாழும் உயிரினமான கடல் சாமந்தியும் (sea anemone) வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

கோமாளி மீன்களிலேயே மெரூன்தான் முரடு. ஆரஞ்சு மீனை விட்டால் துரத்தித் துரத்திக் கடித்தே கொன்றுவிடும். ஜோடி வேண்டுமென்றால் அதே மெரூனில், இதைவிட நன்றாகச் சிறிய குஞ்சாகப் பாருங்கள். இந்த மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகத்தான் இருக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும், சிறியது ஆணாகவே நிற்கும். சம அளவில் இரண்டை விட்டால் சண்டைதான். ஜோடியாக வைப்பதற்கும் 200 லிட்டர் தொட்டியாவது வேண்டும். உங்கள் மீனின் மூதாதையர் பாப்புவா நியூ கினியாவில் பிடிபட்டவை; 2012-ல் அமெரிக்காவில் ஒருவர் வீட்டில்தான் மின்னல் போன்ற அந்த வெள்ளை வரி முதலில் குஞ்சுகளுக்கு வந்தது. இப்படிப்பட்ட மீனை அவசரத்தில் இழந்துவிடாதீர்கள்.

சாமந்தி இல்லாதது அதற்கு ஒரு குறையே இல்லை, பிறந்ததிலிருந்து பார்த்திருக்காது. சாமந்திக்குப் பலமான வெளிச்சமும், குறைந்தது ஆறு மாதம் ஓடிப் பழகிய தொட்டியும் வேண்டும். அது செத்து அழுகினால் ஒரே இரவில் தண்ணீர் கெட்டு மீனும் போய்விடும்.

சரி, மூலையில் கிடப்பது? ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பது இந்த இனத்தின் பழக்கமும்தான். ஆனால் ஒரு மாதத் தொட்டி என்பதால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். சென்னை வெயிலில் இந்த வெப்பத்தைக் காப்பது சுலபமில்லை. தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூச்சு வேகமாகி உடம்பில் வெள்ளைச் சளி படிந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு மீன்நோய் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அலங்காரத்துக்கு ராமேஸ்வரம் கரையிலிருந்து பவளக்கல் எடுத்துவராதீர்கள். பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை. செயற்கைப் பாறையே போதும்.