கேளுங்க, பேசலாம்: பையன வீட்லயே ஆன்லைன்ல படிக்க வைக்கலாமா?

கேள்வி: மேடம், என் பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். வாயால கேட்டா எல்லாத்துக்கும் டக்டக்குன்னு பதில் சொல்லுவான், புஸ்தகத்த கையில குடுத்தா ஒரு வரி தாண்டறதுக்குள்ள அழுகை வந்துடும். ஒத்தக்கொம்பு ரெட்டக்கொம்பு எல்லாம் மாத்தி மாத்தி போடறான். ஸ்கூல்ல டிசி வாங்கிட்டுப் போங்கன்னு ஜாடையா சொல்றாங்க. அவங்கப்பா துபாய்ல இருக்காரு, நான் வீட்லதான் இருக்கேன், ஆன்லைன்லயே படிக்க வச்சிடலாமான்னு யோசிக்கிறேன். ஒரு கம்பெனில தினமும் போன் பண்ணி ஒரு வருஷ ஃபீஸ மொத்தமா கட்டினா டேப் தர்றோம்ங்கறாங்க. கட்டலாமா?
- ஒரு அம்மா, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாதீங்கம்மா. டிசியும் இப்ப வாங்காதீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009ல, எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல விட்டு வெளிய அனுப்பக் கூடாதுன்னு இருக்கு, அத ஸ்கூல்ல பதமா எடுத்துச் சொல்லுங்க. வீட்ல படிக்க வைக்கறதா வேண்டாமான்னு அப்புறம் நிதானமா முடிவு பண்ணலாம்.

மொதல்ல கண்ணு, காது ரெண்டையும் செக் பண்ணிடுங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா கற்றல் குறைபாடு, அதாவது புத்தி நல்லா இருந்தும் படிக்கறது, எழுதறது, கணக்கு மாதிரி ஒண்ணு மட்டும் வராம போறது, இருக்கான்னு பாக்கணும், 8 வயசு தாண்டிட்டதால மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டுக்கே பரிசோதனை பண்ணலாம். உங்களுக்குப் பக்கம் கோரிமேடு ஜிப்மர், மனநலப் பிரிவுல போய்க் கேளுங்க. சென்னை பக்கம் ஈசிஆர்ல முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசோட தேசிய நிறுவனம் (NIEPMD) இருக்கு, அங்கயும் போகலாம். மனநலப் பிரிவுன்னதும் பயந்துடாதீங்க, சொந்தக்காரங்க பேசுவாங்கன்னு தள்ளிப் போடாதீங்க, பையனுக்குப் புத்தி கம்மின்னு யாரும் எழுதப் போறதில்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகைல கற்றல் குறைபாடும் ஒண்ணு.

இப்ப ஆன்லைனுக்கு வர்றேன். ரெண்டு வேலைய ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கறது ஒரு வேலை, பாடத்தத் தெரிஞ்சுக்கறது வேற வேலை. மொத வேலைக்கு மனுஷங்க வேணும், ரெண்டாவதுக்குத்தான் போன் பிரமாதமா உதவும். அந்த கம்பெனி வீடியோ எல்லாம் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்காகப் பண்ணது, கடகடன்னு ஓடும், கடைசில கேள்விய அவனே படிச்சு டிக் பண்ணணும். உங்க பையன் அங்கயும் அதே இடத்துலதான் நிப்பான்.

அவன் கொம்புல தடுமாறறதுக்குக் காரணம் இருக்கும்மா. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, ஆனா வாய்ல க் சத்தம்தான் மொதல்ல வருது, 'கொ'ன்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. கண்ணு போற வரிசை வேற, காது கேக்கற வரிசை வேற. 247 எழுத்தையும் வரிசையா மனப்பாடம் பண்ண வைக்காம ஒரு வாரத்துக்கு ஒத்தக்கொம்பு மாதிரி ஒரே ஒரு எழுத்துக் குறிய எடுத்துக்கோங்க. தட்டுல ரவையப் பரப்பி விரலால எழுத விடுங்க, எழுதும்போதே சத்தமா சொல்ல வைங்க. காலைல கால் மணி, சாயங்காலம் கால் மணி, அதுக்கு மேல வேண்டாம். காசு செலவு பண்ணணும்னா இந்த மாதிரி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் பயிற்சி எடுத்த சிறப்பாசிரியர் யாராவது வீடியோ கால்ல இவன் ஒருத்தனுக்கு மட்டும் எடுக்கற மாதிரி பாருங்க, மாசா மாசம் கட்டற மாதிரி இருக்கட்டும்.

பாடத்துக்கு எல்லாமே இலவசமாவே கிடைக்குது. சமச்சீர் புஸ்தகத்துல இருக்கற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா அரசோட பாட ஆப் தீக்ஷால வீடியோ வரும். ஸ்டோரிவீவர்ங்கற குழந்தைக் கதை வெப்சைட்ல தமிழ்க் கதைங்க நாலு நிலையா பிரிச்சிருக்கும், வயசப் பாக்காம மொத நிலைலேர்ந்து ஆரம்பிங்க. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசர்ல பல்லவி, வள்ளுவர்னு ரெண்டு தமிழ்க் குரல் பக்கத்தயே படிச்சுக் காட்டும். பழைய ஃபாண்ட்ல இருக்கற பிடிஎஃப்னா அது உளறும், அப்ப அவங்கப்பாவ பாடத்த வாட்ஸாப்ல வாய்ஸ் மெசேஜா படிச்சு அனுப்பச் சொல்லுங்க. எந்த ஆப்ப விடவும் அந்தக் குரல பையன் திரும்பத் திரும்பக் கேப்பான். பதில அவன் வாயால சொல்லட்டும், போன்ல மைக்க அழுத்தினா அதுவே டைப் ஆகிடும். மழைக்காலத்துல நம்ம ஊர்ல கரண்ட் போறது தெரிஞ்சதுதானே, முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சிக்கோங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு. கணக்கு மட்டும் சுத்தமா வரல, டிஸ்கால்குலியான்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்லயிருந்தே பத்தாவது எழுத முடியுமா?
- ஒரு அப்பா, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும் சார். என்ஐஓஎஸ்ங்கற தேசிய திறந்தநிலைப் பள்ளில 14 வயசு ஆனா பத்தாவதுக்குச் சேரலாம். அஞ்சு பாடம் எடுத்தா போதும், அதுல கணக்கு கட்டாயம் கிடையாது. ஒரே தடவைல எல்லாத்தையும் எழுத வேண்டாம், அஞ்சு வருஷத்துக்குள்ள ஒண்ணொண்ணா முடிக்கலாம். ஆனா பாலிடெக்னிக் மாதிரி படிப்புக்குப் பத்தாவதுல கணக்கு கேப்பாங்க, அதனால பொண்ணுக்கு என்ன இஷ்டம்னு அவகிட்டயே உக்காந்து பேசிட்டு கணக்க விடுங்க. இப்ப சிபிஎஸ்இ ஸ்கூல்ல இருந்து, அவளுக்கும் ஸ்கூல் பிடிச்சிருந்தா அங்கயே எழுதறதுக்கும் வழி இருக்கு. சர்டிஃபிகேட் இருந்தா 3 மணி நேரப் பரீட்சைக்கு 1 மணி நேரம் கூடுதலா தருவாங்க, முன்கூட்டியே ஸ்கூல் மூலமா எழுதிக் கேக்கணும், கடைசி நேரத்துல போய் நிக்காதீங்க.

கேள்வி: பேரன் போன்ல பாடம் கேக்கறேன்னு உக்காந்துட்டு கேம் ஆடறான். அதட்டினா கத்தறான். என்னம்மா பண்றது?
- ஒரு பாட்டி, பண்ருட்டி

பதில்: தனியா உக்கார விடாதீங்கம்மா. பாடம் ஓடும்போது நீங்களும் பக்கத்துல உக்காந்து கேளுங்க, உங்களுக்கு எழுதப் படிக்க வரலன்னாலும் பரவால்ல. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிறுத்தி "இப்ப என்ன சொன்னான், எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க. பேரன் உங்களுக்கு விளக்கிச் சொல்ற அந்த நேரம்தான் அவன் நிஜமா படிக்கற நேரம். போன்ல கேம் இருந்தா அவன் அம்மாகிட்ட சொல்லி அழிச்சிடச் சொல்லுங்க, பாடத்துக்கு வச்சிருக்கற போன்ல அது வேண்டாம்.